பின்னால் கட்டிய கைகள்

செகந்தராபாத்தில் லாலாகுடாவைத் தாண்டி, ரயில் பாதையை ஒட்டிய மண் தடத்தில் நடந்துகொண்டிருந்தபோதுதான் என் வலது கை வீங்கியிருப்பதைப் பார்த்தேன். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கவில்லை. சட்டையின் முன்பக்கம் ரத்தமாக இருந்தது. என் ரத்தம் அல்ல. ஒரு வேப்பமரத்தடியில் நின்று சட்டையைக் கழற்றி, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுக்கொண்டு மறுபடி நடந்தேன். தோளில் சுத்தியலோடு எதிரே வந்த ரயில்வே தொழிலாளி ஒருவர் என் சட்டையின் தையலைப் பார்த்தார், கையைப் பார்த்தார். "க்யா ஹுவா?" என்றார். விழுந்துவிட்டேன் என்று இந்தியில் சொன்னேன். விழுந்தவன் அவ்வளவு வேகமாக நடக்கமாட்டான் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். ஒதுங்கி வழி விட்டார்.

மணி நாலரை இருக்கும். ஒரு மணி நேரத்துக்கு முன், மாரெட்பள்ளியில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு எதிரே பான் டப்பா வைத்திருந்த ஒருவரின் முன்கையை நான் இரும்புக் கம்பியால் அடித்து உடைத்திருந்தேன். டப்பா என்றால் அந்த ஊரில் நாலு கால் வைத்த தகரப் பெட்டிக்கடை. மௌலா அலி ஸ்டேஷன் வரை நடந்து, காஜிபேட் பக்கம் போகும் பாசஞ்சரில் ஏறிவிடுவது என்பதுதான் அப்போதைய எண்ணம்.

ஊரை விட்டுப் போவது எனக்குக் கை வந்த காரியம். ஏழாம் வகுப்புப் பாதியில் ஜோலார்ப்பேட்டைப் பக்கத்து வீட்டிலிருந்து கிளம்பியவன். அப்பா பெல்ட்டால் அடிப்பார். ஒருநாள் பக்கிள் இருக்கும் முனையால் அடித்தார். மறுநாள் நான் இல்லை. அவ்வளவுதான் கதை. அதன்பிறகு சூரத்தில் சாயப்பட்டறை, விசாகப்பட்டினத்தில் மீன் ஐஸ், நாந்தேட்டில் லாரி கிளீனர். எங்கே சண்டை வந்தாலும் பெரிய ஸ்டேஷனுக்குப் போகமாட்டேன். தேடுகிறவன் முதலில் அங்கேதான் தேடுவான். அடுத்து உள்ள சின்ன ஸ்டேஷன் வரை நடந்துபோய் ஏறுவேன். இந்த விஷயத்தை என் வாழ்க்கையில் ஒரே ஒருவரிடம்தான் சொல்லியிருந்தேன்.

அவர் அந்தப் பள்ளிக்கூடத்தின் பி.டி. மாஸ்டர். பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் எனக்கும் அவர் மாஸ்டர்தான். பாட்டன் பூட்டன் காலத்தில் வேலூர்ப் பக்கத்திலிருந்து வெள்ளைக்காரப் பட்டாளத்தோடு செகந்தராபாத் வந்த புராட்டஸ்டண்ட் குடும்பம். வீட்டில் தமிழ் பேசுவார்கள். ஆனால் அந்தத் தமிழில் பாதி ஊர் மொழி. வேண்டாம் என்று சொல்லமாட்டார், "நக்கோ" என்பார். ஆமாம் என்பதற்கு "ஹவ்". அகலமான தோள், பலகை மாதிரி உள்ளங்கை. ஐம்பது வயதுக்கு மேலும் ஒரே கையால் நிரம்பிய தண்ணீர் கேனைத் தூக்கித் தோளில் வைப்பார்.

தண்ணீர் கேன்தான் எங்களைச் சேர்த்தது. அப்போது நான் ஒரு தண்ணீர் பிளாண்ட்டில் வேலை பார்த்தேன். தினமும் அந்தப் பள்ளிக்கு இருபது கேன் இறக்குவேன். ஒருநாள் மைதானத்து ஓரத்தில் குட்கா பொட்டலத்தைக் கிழித்து வாயில் கொட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றார்.

"க்யா மியா, எத்தனை வருஷமா?"

"பதினொரு வயசுலேர்ந்து மாஸ்டர்."

"வாயைத் திற. உன் மூணு விரலைச் சேத்து நேரா நிக்க வச்சு உள்ளே விடு."

இரண்டு விரல்தான் போனது. அதுவும் தாடை இழுத்துக்கொண்டு வலித்தது. நான் அதுவரை அதைப் பெரிதாக நினைத்ததில்லை. சோற்றைப் பிசைந்து சின்ன உருண்டையாகச் சாப்பிடுவேன், காரம் பட்டால் கன்னம் எரியும், அவ்வளவுதான். அவர் மைதானத்தைப் பார்த்தபடி சொன்னார்: "என் ஒன்பதாங்கிளாஸ்ல நாப்பத்திரெண்டு பசங்க. நாலு பேருக்கு மூணு விரல் போகலை, பொட்டலம் வாயை இறுக்கிடுச்சு. பதினாலு வயசு."

அவருடைய கை பற்றிய கதையை டைலரக்கா சொல்லித்தான் தெரியும். பள்ளிக்கு எதிர்ச் சந்தில் தையல் கடை வைத்திருந்தவர் அவர். மாஸ்டர் ஒரு காலத்தில் அடிக்கிற மாஸ்டர். பொட்டலத்தோடு பிடிபட்ட ஒரு பையனை மைதானத்தின் நடுவில் நிறுத்தி வைத்து அறைந்திருக்கிறார். ஒரே அறை. காது ஜவ்வு கிழிந்துவிட்டது. பையன் படிப்பை விட்டான், பொட்டலத்தை விடவில்லை. அந்தப் பையன் இப்போது ஆட்டோ ஓட்டுகிறான், பின்னால் வண்டி ஹாரன் அடித்தால் கேட்காது என்று டைலரக்கா சொன்னார். அதற்குப் பிறகு மாஸ்டர் மைதானத்தில் நிற்கும்போதெல்லாம் கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தார். பிள்ளைகள் அதைக் கேலி செய்து அதே மாதிரி நடந்து காட்டுவார்கள். அவர் கண்டுகொள்ளமாட்டார்.

பள்ளியைச் சுற்றி ஐந்து டப்பாக்கள் இருந்தன. பள்ளியிலிருந்து நூறு கஜத்துக்குள் புகையிலை விற்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு எங்கேயும் விற்கக்கூடாது என்றும் இருக்கிறது. மாஸ்டர் நீளத் தாண்டுதலுக்கு அளக்கும் டேப்பை எடுத்துவந்து, ஒரு முனையை என்னிடம் கொடுத்து, கேட்டிலிருந்து அளந்தார். ஐந்துமே உள்ளேதான் இருந்தன. போலீஸ் வந்து அபராதம் போட்டது. மறுநாள் காலை ஐந்தும் திறந்திருந்தன. தடை செய்த சரக்கை விற்பதிலும் ஒரு சாமர்த்தியம் உண்டு. வெறும் பாக்கு மசாலா ஒரு பொட்டலம், புகையிலைத் தூள் ஒரு பொட்டலம். தனித்தனியாக இருந்தால் தடை செய்த பொருள் இல்லை. இரண்டையும் கிழித்து ஒன்றாக வாயில் கொட்டினால் அதேதான். பிள்ளைகள் "ஜோடி" என்று கேட்பார்கள்.

அதன்பிறகுதான் மாஸ்டர் தன்னுடைய வழியைக் கண்டுபிடித்தார். பேனர் கிடையாது, மைக் கிடையாது, ஊர்வலம் கிடையாது. காலை பெல், மதிய பெல், சாயங்கால பெல். பிள்ளைகள் வெளியே இருக்கும் அந்த நேரங்களில் மட்டும் கால் மணி நேரம் ஒரு டப்பாவின் முன்னால் வரிசையாக நிற்பது. கடையைப் பார்த்து நிற்கவேண்டும். பேசக்கூடாது. கைகளைப் பின்னால் கோத்துக்கொள்ள வேண்டும். அவர், டைலரக்கா, ஏழெட்டு அம்மாக்கள், நான். தன் அம்மா நிற்கும் கடையில், தன் நண்பனின் அம்மா நிற்கும் கடையில் எந்தப் பையன் போய் ஜோடி கேட்பான்? பெல் நேர வியாபாரம் போனால் டப்பாவின் பாதி வியாபாரம் போனது மாதிரி. பத்து நாளில் முதல் டப்பாக்காரர் பொட்டலச் சரங்களை இறக்கிவிட்டு பேனாவும் சிப்ஸும் தொங்கவிட்டார். அப்படியே நான்கு கடைகள்.

முதல் நாள் எல்லாரையும் மைதானத்தில் நிற்கவைத்து அவர் சொன்னது இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. "திட்டுவான், கேட்டுக்கோ. துப்புவான், தொடைச்சுக்கோ. கை மட்டும் முன்னால வரக்கூடாது. நம்ம பக்கம் ஒரு அடி விழுந்தா அவன் பாவம், நாம ரவுடி. அப்புறம் ஜென்மத்துக்கும் இந்த கேட்டுல ஒருத்தனும் நம்ம பேச்சைக் கேக்க மாட்டான்." அதற்கு மேலும் ஒன்று இருந்தது. பள்ளி நிர்வாகம் அவரை அழைத்து, உங்கள் பேரில் ஒரு போலீஸ் கேஸ் வந்தால் அன்றே ராஜினாமா எழுதிக் கொடுக்கவேண்டும் என்று சொல்லியிருந்தது. பழைய காதுச் சம்பவத்தை அவர்கள் மறக்கவில்லை.

என் கைமேல் எனக்கு நம்பிக்கை கிடையாது. அதனால் என் துண்டால் இரண்டு மணிக்கட்டையும் பின்னால் கட்டிவிடச் சொல்வேன். டைலரக்காதான் கட்டுவார். தையல்காரர் என்பதால் முடிச்சு நன்றாக விழும். நானும் ஜோடியை விட்டிருந்த நாட்கள் அவை. பதினெட்டு நாளாக வாய் வெறுமையாக இருந்தது. ராத்திரி தூக்கம் இல்லை, பகலில் யார் இருமினாலும் எரிச்சல் வந்தது. நான் செய்ததற்கு அதைக் காரணமாகச் சொல்லவில்லை. இருந்ததைச் சொல்கிறேன்.

ஐந்தாவது டப்பா சரியாக கேட்டுக்கு எதிரே இருந்தது. கடைக்காரரும் தமிழர், ஆர்க்காட்டுப் பக்கத்து வம்சம். எல்லாரும் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிட்டோம். வாய்க்காரர். அவருடைய மகள் அதே பள்ளியில் ஏழாம் வகுப்பு.

"என்னா தண்ணிகேன், நீயும் அம்மாங்களோட சேந்து கோலாட்டம் ஆட வந்துட்டியா?" என்பார் என்னைப் பார்த்து. மாஸ்டரிடம், "ஏன் சார், என் டப்பாவை மூடிட்டா பசங்க எல்லாம் நாளைக்கே கலெக்டர் ஆயிடுவாங்களா? என் பொண்ணுக்கு ஃபீஸ் இந்த ஜோடிலதான் கட்றேன், தெரியுமில்ல?" என்று கேட்பார். மாஸ்டர் பதில் சொல்லமாட்டார். டைலரக்காவுக்கு மட்டும் அடக்கமுடியாது. கால் மணி நேரம் முடிந்து வரிசை கலைந்ததும் திரும்பிப் பார்த்து, "பேசக்கூடாதுன்னு மாஸ்டர் சொல்லிட்டாரு அண்ணா. இல்லேன்னா நான் பேசுறதைக் கேட்டு உன் டப்பாவே நாலு காலோட எழுந்து ஓடியிருக்கும்" என்பார். அண்ணனே சிரித்துவிடுவார்.

அந்தக் கடை முன் நின்ற ஐந்தாம் நாள் சிரிப்பு நின்றது. அண்ணனுக்குச் சரக்கு போடும் ஏஜென்ட் இரண்டு ஆட்களை பைக்கில் அனுப்பினான். மதிய பெல் நேரம். ஒருவன் வந்ததும் டைலரக்காவின் புடவையில் வாய் நிறைய சிவப்பாகத் துப்பினான். அக்கா அசையவில்லை. இன்னொருவன் பெல்ட்டை உருவி மாஸ்டரின் முகத்தில் வீசினான். பக்கிள் உதட்டில் பட்டு முன்பல் பாதி உடைந்து கீழே விழுந்தது. பக்கிள் தோலில் விழுகிற அந்தச் சத்தம் எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரிந்த சத்தம். நான் முன்னால் பாய்ந்தேன். கை கட்டியிருந்ததால் நிலை தடுமாறி முகம் குப்புற விழுந்தேன். விலாவில் நாலைந்து உதை விழுந்தது. தார்ச்சாலையில் கன்னம் ஒட்டியிருக்க, நான் பார்த்தது மாஸ்டரின் பூட்ஸைத்தான். அவை நகரவில்லை. இரண்டாவது வீச்சு, மூன்றாவது வீச்சு. பூட்ஸின் மேல் ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. முதுகுக்குப் பின்னால் அவர் விரல்கள் ஒன்றையொன்று இறுக்கி வெளுத்திருந்ததாக டைலரக்கா பிறகு சொன்னார். அடித்தவன் ஒரு கட்டத்தில் கையைத் தொங்கப்போட்டுவிட்டான். "பாகல் ஹை யே", இவன் பைத்தியம், என்று சொல்லிவிட்டு பைக்கில் ஏறிப் போனான்.

நான் இப்போது குகட்பள்ளியில் ஒரு ஹவுசிங் போர்டு காலனியில் தண்ணீர் மோட்டார் போடும் வேலை பார்க்கிறேன். அங்கேயும் பள்ளிக்கூடம் இருக்கிறது. பெரிய வகுப்புப் பையன்கள் பேனா மாதிரி எதையோ உறிஞ்சுகிறார்கள். பழவாசனை வருகிறது, புகை வருகிறது, கையில் மறைத்துக்கொண்டால் யாருக்கும் தெரியாது. அதற்கு டப்பா கூட வேண்டாமாம், போனில் சொன்னால் வீட்டுக்கு வந்துவிடுமாம். யார் முன்னால் போய் நிற்பது என்று மாஸ்டர் இருந்திருந்தால் கேட்டிருப்பார். கேட்டுவிட்டு எப்படியும் எங்கேயாவது போய் நின்றிருப்பார்.

பெல்ட் அடி வாங்கிய மறுநாள் காலை பெல்லுக்கு மாஸ்டர் உதட்டில் ஆறு தையலோடு வந்தார். அன்று அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. மாஸ்டரின் வாயைப் பார்ப்பதும் கீழே குனிவதுமாக இருந்தார். நானும் பார்த்தேன். ஆனால் அதை அவருடைய பயம் என்று எடுத்துக்கொண்டேன். அடுத்து என்ன செய்யலாம் என்று யோசிக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அடிவாங்கி வளர்ந்தவனுக்கு மற்றவர் முகத்தில் வேறு எதையும் படிக்கத் தெரியாது.

எட்டாம் நாள் சாயங்கால பெல். கேன் வண்டி பஞ்சர் ஆகி நான் தாமதமாக ஓடிவந்தேன். வரிசை ஏற்கெனவே நின்றுவிட்டது. துண்டு கட்ட நேரமில்லை. கைகளைக் கோத்துக்கொண்டு மாஸ்டருக்குப் பக்கத்தில் நின்றேன். வரிசையின் அந்தக் கோடியில் யாரோ புதிதாக வந்து சேர்ந்தார்கள். எனக்கு மாஸ்டரின் தோள் மறைத்தது. அண்ணன் அந்தக் கோடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் கறுத்தது. சட்டென்று திரும்பி, தகரத்தின் இடுக்கிலிருந்து கொக்கி வைத்த நீளமான இரும்புக் கம்பியை உருவிக்கொண்டு கீழே குதித்தார். நேராக மாஸ்டரை நோக்கி வந்தார். கம்பியைத் தலைக்கு மேல் தூக்கினார்.

நான் கம்பியைப் பிடுங்கினேன். முதல் அடி அவர் முன்கையில் விழுந்தது; காய்ந்த கிளை ஒடிகிற மாதிரி கேட்டது. இரண்டாவது அடியும் அதே இடத்தில். அவர் உட்கார்ந்துவிட்டார். கம்பியைப் போட்டுவிட்டுக் குத்தினேன். மூக்கு உடைந்து ரத்தம் என் சட்டையெல்லாம் தெறித்தது. எத்தனை குத்து என்று தெரியாது. மாஸ்டர் பின்னாலிருந்து என்னைக் கட்டிப்பிடித்து இழுத்தார். என் காதில் ஏதோ கத்தினார். அப்போதுதான் ஒரு பெண் குழந்தை அலறுவது கேட்டது. யூனிஃபார்மில், கைகளை இன்னும் பின்னால் கோத்தபடி. நான் உதறிக்கொண்டு ஓடினேன்.

மௌலா அலி ஸ்டேஷனில் வெயில் சாயத் தொடங்கியிருந்தது. குன்றின் மேல் தர்கா மட்டும் வெளிச்சத்தில் இருந்தது. பாசஞ்சர் வர இன்னும் நேரம் இருந்தது. தண்ணீர்க் குழாயில் கையைக் காட்டிக்கொண்டு நின்றேன். பின்னால் பூட்ஸ் சத்தம் கேட்டது. திரும்புவதற்குள் என் இடது கன்னத்தில் அறை விழுந்தது. அதை எப்படிச் சொல்வது? பல வருஷமாகக் கட்டி வைத்திருந்த அறை. நான் குழாயின் மேல் போய் விழுந்தேன். தலைக்குள் நீளமாக ஒரு விசில் கேட்டது.

எழுந்தபோது மாஸ்டர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். உடனே என் முகத்தைப் பிடித்துத் திருப்பினார்.

"கேக்குதா? இந்தப் பக்கம் கேக்குதா? நான் பேசுறது கேக்குதா?"

"கேக்குது மாஸ்டர்."

"இப்போ?" என்று மெதுவாகக் கேட்டார். "இப்போ?" என்று அதைவிட மெதுவாக.

கேட்கிறது என்று மூன்று முறை சொன்னபிறகுதான் பெஞ்சில் உட்கார்ந்தார். உட்கார்ந்து சொன்னார். கோடியில் வந்து நின்றது அண்ணனின் மகள். வகுப்புத் தோழிகளின் அம்மாக்கள் எட்டு நாளாக அப்பாவின் கடை முன் நிற்பதைப் பார்த்து, அன்று யாரும் கூப்பிடாமல் அவளாகவே வந்து நின்றிருக்கிறாள். அந்தக் கம்பி, கூரை நுனியில் மாட்டிய சரங்களை இறக்குவதற்கு வைத்திருக்கும் கம்பி. டப்பாவுக்கு வெளியே தொங்கும் சரங்கள் கண்ணில் படுவதற்கு. உள்ளே தொங்குபவைதான் விற்பனைக்கு. வெளியே உள்ளதை இறக்கவேண்டுமானால் கீழே இறங்கி நின்று கம்பியைத் தலைக்கு மேல் தூக்கித்தான் ஆகவேண்டும். மாஸ்டரின் தலைக்கு நேர் மேலேதான் சரம் தொங்கிக்கொண்டிருந்தது.

"இறக்கத்தான் வந்தான் மியா" என்றார் மாஸ்டர். "எனக்குத் தெரிஞ்சது. அவன் கண்ணு என் மேலேயே இல்லை. கைக்கு அடிச்சே? கைக்கு?"

கைக்கு என்றால் அந்த ஊர் மொழியில் ஏன் என்று அர்த்தம். ரயில் வரும் என்று அறிவித்தார்கள்.

"போறதுன்னா போ. நக்கோன்னு சொல்ல மாட்டேன். நீ போயிட்டா கம்ப்ளைண்ட்ல என் பேரு வரும். ரவுடியைக் கூட்டிட்டு வந்தவன்னு வரும். வரட்டும், வேலை போகட்டும். ஆனா நாளைக்கு காலை பெல்லுக்கு யாரு வந்து நிப்பா? அந்த அம்மாங்கள்ல ஒருத்தியாவது வருவாளா?" என்றார்.

ரயில் வந்து நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். நான் ஏறவில்லை. அதைப் பெரிய முடிவு என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். காதுக்குள் இன்னும் விசில் அடித்துக்கொண்டிருந்தது. அவருடைய ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து திரும்பினேன்.

ஆஸ்பத்திரியில் அண்ணனுக்கு முழங்கையிலிருந்து விரல் வரை மாவுக்கட்டு போட்டு முடித்திருந்தார்கள். மூக்கில் பஞ்சு. புகார் எழுத வந்த கான்ஸ்டபிள் சுவரில் சாய்ந்து நின்றார். அண்ணனின் மனைவி என்னைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றி இரண்டு அடி அடித்தார். வாங்கிக்கொண்டேன். அண்ணன் படுத்தபடியே பேசினார்.

"இறக்கத்தானேடா வந்தேன். பொண்ணு நிக்குதேன்னு இறக்கத்தானே வந்தேன். எட்டு நாளா யோசிச்சு யோசிச்சு இறக்க வந்தேன்." மாவுக்கட்டைத் தூக்கிக் காட்டினார். "இனிமே இறக்க மாட்டேன். கடவுளே வந்து வரிசைல நின்னாலும் இறக்க மாட்டேன்."

"நீங்க ஏத்தவும் வேணாம், இறக்கவும் வேணாம்" என்றார் மனைவி. "ரெண்டு மாசம் கட்டு. டப்பாவுல யாரு ஒக்காருவா? நான் மூணு வீட்டு வேலையை விட்டுட்டு வரணுமா?" செருப்பால் என்னைக் காட்டினார். "இதோ நிக்குது பாரு எருமை, ரெண்டு கையும் முழுசா இருக்கு."

"ஒண்ணரைதான் அக்கா" என்றேன் வீங்கிய கையைக் காட்டி. கான்ஸ்டபிள் மட்டும் சிரித்தார்.

அண்ணன் மாஸ்டரிடம் திரும்பினார். "கேஸ் வேணாம் சார். கட்டு பிரிக்கற வரைக்கும் இவன் என் டப்பாவுல ஒக்காரட்டும். நான் விக்கிறது எல்லாத்தையும் இவன் விக்கணும். ஜோடி கேட்டா ஜோடி குடுக்கணும். நீங்க தினம் எதிர்ல நின்னு அதைப் பாக்கணும். ஒரு நாள் முடியாதுன்னு சொன்னாலும் அன்னிக்கே புகார் எழுதிக் குடுப்பேன். உங்க பேரையும் சேத்து."

மாஸ்டர் மறுப்பார் என்று நினைத்தேன். தையல் போட்ட உதட்டை நாக்கால் தடவிக்கொண்டார். "ஹவ்" என்றார்.

வெளியே வந்ததும் கேட்டேன், எப்படி மாஸ்டர் ஒத்துக்கொண்டீர்கள் என்று. ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே சொன்னார்: "வெளியே நிக்கறது எங்க வேலை. உள்ளே ஒக்காந்து நீ என்ன பண்றேங்கறது உன் வேலை. அதை நான் எப்படிச் சொல்றது?"

மறுநாள் காலை ஏழு மணிக்கு டப்பாவில் ஏறி உட்கார்ந்தேன். அண்ணன் வீட்டில் படுத்திருக்கவில்லை. மாவுக்கட்டுக் கையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வந்து, உள்ளே பலகையில் என் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தார். மருந்து வாசனை அடித்தது. டீ சொல்லி வரவழைத்துக்கொண்டார். எனக்குச் சொல்லவில்லை. எங்கள் தலைக்கு மேல் உள்சரங்கள் தொங்கின. அவர் இடது கையை லேசாகத் தூக்கினாலே எட்டும். பெரியவர்கள் இரண்டு பேர் சிகரெட் கேட்டார்கள், கொடுத்தேன். ஒருவர் வெற்றிலை கேட்டார், மடித்துக் கொடுத்தேன். விரல் மடங்காததால் மடிப்பு கோணலாக வந்தது. "இதுக்கு நானே ஒத்தைக் கையால மடிப்பேன்" என்றார் அண்ணன்.

காலை பெல்லுக்கு முன் வரிசை வந்தது. மூன்று அம்மாக்கள் வரவில்லை. மீதிப் பேர் வந்திருந்தார்கள். டைலரக்கா என்னைப் பார்க்காமல் டப்பாவின் தகரத்தைப் பார்த்தார். மாஸ்டர் என்னை நேராகப் பார்த்தார். கோடியில் அந்தப் பெண். அழுது வீங்கிய முகம். அப்பாவின் கட்டைப் பார்த்துக்கொண்டே கைகளைப் பின்னால் கொண்டுபோனாள். அண்ணனின் மூச்சு என் பக்கத்தில் பெரிதாகக் கேட்டது.

அந்த வரிசையைத் தாண்டி வர யாருக்கும் துணிவு இருக்காது என்று நினைத்தேன். ஆனால் பக்கவாட்டு இடுக்கு வழியாக ஒரு பையன் வந்தான். பத்தாம் வகுப்பு இருக்கும். வரிசைக்குத் தெரியாதபடி குனிந்து கையை நீட்டினான். "அங்கிள், ஏக் ஜோடி."

"இல்லை" என்றேன்.

பையன் சரத்தைப் பார்த்தான். அண்ணன் என் பக்கம் திரும்பினார். "என்னாடா இல்லை? தலை மேல தொங்குது."

"இவனுக்கு இல்லைண்ணா."

டீ கிளாஸ் அவருடைய இடது கையில் இருந்தது. அப்படியே என் முகத்தில் அடித்தார். கிளாஸ் புருவத்தில் பட்டு உடைந்தது. சூடான டீயும் ரத்தமும் சேர்ந்து கண்ணுக்குள் இறங்கின. வெளியே ஓர் அம்மா "ஐயோ" என்றார். மாஸ்டர் ஓர் அடி முன்னால் வந்து, நின்றுவிட்டார். நான் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டேன். இன்னொரு அடி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

பையன் இன்னும் கையை நீட்டியபடி நின்றிருந்தான். சரம் அண்ணனின் கைக்கு எட்டும் தூரத்தில்தான் தொங்கியது. அவர் அதைப் பார்த்தார். வெளியே கோடியில் நின்றவளைப் பார்த்தார். பிறகு, ஈரமான கையைத் தன் வேட்டியில் துடைத்துக்கொண்டு, பலகையில் கிடந்த கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தார்.

"முகத்தைத் தொடைச்சுக்கோ" என்றார் என்னைப் பார்க்காமல். "ரத்தத்தோட ஒக்காந்தா யாரு வருவான்? அடுத்த ஆளைப் பாரு."